தடைக்காலத்து வெயில்

சோலார் கம்பெனியில் இன்டர்வியூ என்று சொன்னதும் சித்தப்பா சிரித்தார். "எம்.ஏ. எகனாமிக்ஸ் படிச்சுட்டு அங்க போயி பல்பு மாட்டப் போறியா? பேசாம பேங்க் பரீட்சை எழுது." எனக்கு வந்த ஆத்திரத்தில் சாப்பிடாமலே சுரக்குடியில் பஸ் ஏறிவிட்டேன்.

இன்டர்வியூவில் இருந்த இரண்டு இன்ஜினியர்களும் அதையேதான் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார்கள். "பொருளாதாரம் படிச்சவங்க இங்க என்ன செய்வீங்க?" பதிலுக்குக் காத்திராமல் ஒருவர் அவர்களுடைய திட்டத்தைத் திரையில் போட்டார். காரைக்கால்மேட்டு விசைப்படகுகளுக்காக, சோலாரில் ஓடும் ஐஸ் பேக்டரி. வெயில் கொளுத்தும் சித்திரை, வைகாசியில்தான் ஐஸும் வருமானமும் அதிகம் என்று போட்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த ரெண்டு மாசமும் ஐஸை யாருங்க வாங்குவா? அப்ப மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையிலதான் நிக்கும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப அந்த கரண்ட்டை என்னங்க பண்றது?"

"மின்துறைக்கு வித்துடலாம். அது கட்டுப்படியாகுமான்னு பார்க்கத்தான் என்னைப் போல ஆள் வேணும்."

வேலை கிடைத்தது.

இந்தச் சித்திரையில் சித்தப்பாவை அந்த ஐஸ் பேக்டரிக்குக் கூட்டிப்போனேன். படகுகள் கரையில் நின்றன. ஐஸ் மெஷினும் நின்றிருந்தது. மின்துறைக்கு விற்கும் கரண்ட்டைக் கணக்கெடுக்கும் மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இதுல நீ என்னம்மா செஞ்ச?" என்றார்.

"பல்பு மாட்டல சித்தப்பா. எல்லாம் சும்மா கிடக்கையில வெயில் மட்டும் சம்பாதிக்குதுல்ல, அது நான் செஞ்சது."