தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சட்டையைக் கழற்றினால் அம்மா எழுந்து கொல்லைக்குப் போய்விடுவாள். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. மாடு இருந்த காலம் போயாயிற்று. வாழைக்கன்றைப் பார்ப்பாள், கிணற்றடியில் கிடக்கிற வாளியை இந்தப் பக்கமிருந்து எடுத்து அந்தப் பக்கம் வைப்பாள், கேஸ் அடுப்பு வந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகும் சுள்ளி பொறுக்குவாள். நான் ஊசியை எடுத்து, பஞ்சை ஒட்டி, சட்டையை மாட்டிக்கொண்ட பிறகுதான் உள்ளே வருவாள்.

"ஆச்சா?" என்பாள்.

"ஆச்சு" என்பேன். அதற்கு மேல் அதைப் பற்றி எங்களுக்குள் பேச்சு கிடையாது.

என் ரத்தத்தில் நோயை எதிர்க்கிற சரக்கு இல்லை. பிறவியிலேயே இல்லை. மற்றவர்களுக்கு உடம்பு தானாகத் தயார் செய்துகொள்வதை நான் வாராவாரம் வெளியிலிருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். இம்யூனோகுளோபுலின் என்று பெயர். முதலில் பல வருஷம் மாதம் ஒரு தடவை சென்னைக்குப் போய், நாள் பூராவும் படுத்து, கையில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு வந்தேன். இப்போது தோலுக்கு அடியில் போகிற மருந்து வந்துவிட்டது. வீட்டிலேயே நானே போட்டுக்கொள்கிறேன். மருந்து புட்டிகள் ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் குடியிருக்கின்றன. முதல் மாசம் என் மனைவி மாவுப் பாத்திரத்தை வேறு தட்டுக்கு மாற்றினாள். இப்போது புட்டி மேலேயே கறிவேப்பிலையைப் போட்டு வைக்கிறாள். மரியாதை அவ்வளவுதான்.

புட்டியை வெளியே எடுத்து, குளிர் விடுகிற வரைக்கும் வைத்திருக்க வேண்டும். குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். பெரிய சிரிஞ்சில் இழுத்து, டியூபில் காற்று இல்லாமல் நிரப்பி, தொப்புளுக்குத் தள்ளி இரண்டு பக்கமும் தோலைக் கிள்ளிப் பிடித்து ஊசியைச் செருக வேண்டும். கொஞ்சம் பின்னால் இழுத்து, ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் பிளாஸ்திரி ஒட்டி, சிரிஞ்சைப் பம்பில் மாட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். முடிந்ததும் வயிற்றில் இரண்டு குழிப்பணியாரம் வைத்த மாதிரி வீங்கியிருக்கும். மறுநாள் வடிந்துவிடும்.

நான் பத்திரம் எழுதுகிறவன். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் ஒரு கடை. புத்தி எதைப் பார்த்தாலும் எழுதிக் கொடுப்பவர் யார், எழுதி வாங்குபவர் யார் என்றுதான் ஓடும். இந்த மருந்து ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்து எடுத்தது. எழுதிக் கொடுத்தவர் ஒருத்தர் பெயரும் தெரியாத தான செட்டில்மெண்ட். பட்டா, சிட்டா, வில்லங்கம் ஒன்றும் கிடையாது. என் ஆயுளில் இவ்வளவு சுத்தமான பத்திரத்தை நான் எழுதியதில்லை.

என் வலது மூக்கில் ஒரு துளை இருக்கிறது. தூர்ந்துபோய் இப்போது ஒரு தழும்புதான். பள்ளிக்கூடத்தில் அதற்காக வாங்கிய கேலி கொஞ்சநஞ்சமில்லை. விஷயம் இதுதான். எனக்கு முன்னால் ஒரு பையன் பிறந்து, ஆறு வயசில் இறந்துபோனான். அப்போது நான் வயிற்றில். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தால், அடுத்து வருகிற பிள்ளையை எமன் கண்ணுக்கு மட்டமாகக் காட்ட வேண்டும். என்னை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைத்தார்களாம். அடுத்த தெருக்காரம்மா ஒருத்தி வந்து தன் பிள்ளை போல எடுத்துக்கொண்டாளாம். அம்மா ஒரு படி தவிட்டைக் கொடுத்து என்னை அவளிடமிருந்து விலைக்கு வாங்கினாளாம். பிறகு மூக்கைக் குத்தினார்கள். பெயரும் அந்த வகையில்தான் வைத்தார்கள். அது இங்கே வேண்டாம்.

இதெல்லாம் போதாது. போனவனைக் கணக்கில் சேர்க்கவும் கூடாது. சேர்த்தால் அவன் துணைக்குத் தம்பியைக் கூப்பிட்டுக்கொள்வான் என்பது அம்மாவின் பயம். எத்தனை பிள்ளை என்று யார் கேட்டாலும் "ஒத்தப் பிள்ளைங்க" என்பாள். வீட்டில் அவன் படம் கிடையாது. திவசம் கிடையாது. ஊரில் தெரிந்தவர்களும் தெரியாத மாதிரியே இருந்துவிட்டார்கள். எனக்கே ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் யாரோ ஒரு அத்தை சொல்லித்தான் தெரியும். வந்து கேட்டபோது அம்மா என் வாயைப் பொத்தினாள்.

நான் சீக்குப் பிள்ளை. காது எப்போதும் ஒழுகும். மழைக்காலம் வந்தால் நெஞ்சில் சளி கட்டும், காய்ச்சல் வரும், ஆஸ்பத்திரியில் கிடப்பேன். ஊரெல்லாம் நடவுக்கு இறங்குகிற நேரத்தில் அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பாள். கும்பகோணத்தில் ஒரு வயசான டாக்டர் அடிக்கடி பார்ப்பார். ஒரு தடவை அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார். "இவனுக்கு அண்ணன் தம்பி யாரும் இந்த மாதிரி இருந்தாங்களாம்மா? சின்ன வயசுல யாரும் தவறினாங்களா?"

"இல்லைங்க. ஒத்தப் பிள்ளைங்க."

நான் மடியில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் கை என் காலை இறுக்கிப் பிடித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. டாக்டர் சிரப் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் அதே கேள்வியைப் பல பேர் கேட்டார்கள். அதே பதில்தான். நடுவில் டி.பி. என்று சந்தேகப்பட்டு மாதக்கணக்கில் மாத்திரை தின்றேன். கல்யாணம் ஆயிற்று, மகள் பிறந்தாள், இருமல் மட்டும் போகவில்லை.

முப்பது வயசு தாண்டிய பிறகு சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மாவும் கூட வந்தாள். அங்கே ஒரு டாக்டரம்மா. அவரும் அதைத்தான் கேட்டார், அம்மாவும் அதைத்தான் சொன்னாள். சின்ன வயசில் பொத்தின வாய், நானும் முந்திக்கொண்டு சொல்லவில்லை. அவர் எழுதவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"மூக்கு எப்பக் குத்தினாங்க?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள்.

"எங்க ஊர்லயும் இதே வழக்கம்தாம்மா. என் சித்தப்பாவுக்கும் குத்தியிருக்கு" என்றார் அவர். "முன்னாடி யாரு போனாங்க? சொல்லுங்க. சொன்னா இவருக்கு ஒண்ணும் ஆகாது. சொல்லலன்னாதான் ஆகும்."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அதற்குள்ளிருந்தே, "ஒருத்தன் இருந்தான்" என்றாள். காது ஒழுகும். சளி. மூச்சு முட்டிப் போனான். அவ்வளவுதான் சொன்னாள். டாக்டரம்மா ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். ரிசல்ட் வந்தபோது, இருக்க வேண்டிய சரக்கு அநேகமாக ஒன்றுமே இல்லை. தாய் வழியாக வந்து ஆண் பிள்ளைகளைப் பிடிக்கிற வியாதி. மருந்து இருக்கிறது. இவ்வளவு நாள் தாக்குப்பிடித்ததே பெரிசு என்றார். ஆனால் நுரையீரலின் அடிப்பகுதி கெட்டுவிட்டது, அது திரும்பாது.

"கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் அம்மாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "போனது போகட்டும், இருக்கறதக் காப்பாத்துவோம்."

ஊருக்குத் திரும்பி வருகிற வழியில் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அவனப் பத்தி ஊர்ல பேசாத." எனக்கு ஆத்திரம் பொங்கியது. பஸ்ஸில் என்ன பேச முடியும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இருக்கிறதைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். தை மாசம் சம்பா அறுவடைக்கு மெஷின் இறங்கினால் தூசிக்குப் பயந்து எனக்கு வீட்டுச் சிறை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டும். அப்படி நிற்கும்போதெல்லாம் அந்தக் கும்பகோணம் டாக்டர் பேனாவை மூடி வைத்தது நினைவுக்கு வரும். அன்றைக்கு ஒரு வார்த்தை. அவர் கண்டுபிடித்திருப்பாரோ மாட்டாரோ, கேட்கத் தெரிந்தவர், எங்கேயாவது அனுப்பியிருப்பார். வருத்தம் என்று சொன்னால் சின்னதாக இருக்கிறது. அம்மா மேல் கோபமும் படமுடியாது. எனக்காகத்தான் மறைத்தாள்.

போன வருஷம் என் மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தோம். என் வியாதி அவளுக்கு வராது. ஆனால் அவள் வழியாக அவளுடைய ஆண் பிள்ளைக்கு வரலாம். கல்லூரியில் படிக்கும்போதே அவளுக்குச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"கல்யாணம் முடியட்டும். அப்பறம் சொல்லிக்கலாம்."

"அப்பறம் எப்ப? அவ பிள்ளை மூச்சு முட்டிக் கெடக்கும்போதா? நீ ஒருதடவ வாய மூடினது போதாதா?"

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அம்மா தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனாள். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவன்தான்.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நல்ல மனுஷர்கள். பஜ்ஜி, கேசரி, காப்பி. எப்படி ஆரம்பிப்பது என்று நான் மனசுக்குள்ளேயே வாசகம் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் பூராவுக்கும் வாசகம் எழுதுகிறவனுக்குத் தனக்கென்று ஒரு வரி வரவில்லை. அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா, சும்மா பேச்சுக்கு, என் அம்மாவிடம் கேட்டார்.

"ஒங்களுக்கு இவரு ஒருத்தர்தானாங்க?"

"ரெண்டு" என்றாள் அம்மா.

நான் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ரெண்டு ஆம்பளப் பிள்ளைங்க. மூத்தவன் ஆறு வயசுல போயிட்டான். இவனுக்கு இருக்கற வியாதிதான் அவனுக்கும். என் வழியா வந்தது. பேத்திக்கும் இருக்குது, ஆனா அவள ஒண்ணும் செய்யாது. நாளைக்கு அவளுக்கு ஆம்பளப் பிள்ளை பொறந்தா ஒடனே ரத்தம் பாக்கணும். பாத்துட்டாப் பயமில்ல, மருந்து இருக்கு. இவன் ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை போட்டுக்கறான்."

ஒரு சொல் தப்பில்லை. சென்னையில் அன்றைக்கு டாக்டரம்மா சொன்னதெல்லாம் அவளுக்குக் காதில் ஏறவே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர்கள் முகம் கோணாமல் கேட்டுக்கொண்டார்கள். ஊருக்குப் போய்ப் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். மகள் மிச்சமிருந்த பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்த மாப்பிள்ளை பேசவே மாட்டேங்கறாரு பாட்டி. நல்லவேளை" என்றாள். அம்மா சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சட்டையைக் கழற்றினேன். அம்மா கொல்லைக்குப் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் தோலைக் கிள்ளி ஊசியைச் செருகியபோது அவள் முகம் சுருங்கியது. ஆனாலும் பார்த்தாள். இரண்டாவது ஊசியையும் பார்த்தாள். பம்பில் மருந்து இறங்க ஆரம்பித்தது.

"வலிக்குதா?"

"எறும்பு கடிக்கற மாதிரிதாம்மா."

"இதப் போட்டிருந்தா அவன் இருந்திருப்பானா?"

"அப்ப நம்ம பக்கமெல்லாம் இது ஏதும்மா? யாருக்கும் தெரிஞ்சே இருக்காது." அது உண்மைதான். அவளும் தலையை ஆட்டினாள்.

ஸ்டூலை இன்னும் கொஞ்சம் என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, "அவன விடு. நான் ஒன்னக் கேக்கறேன்" என்றாள். "கும்மோணத்து டாக்டரு கேட்டாரே. அன்னைக்கே நான் சொல்லியிருந்தா ஒன் நெஞ்சு இப்புடி ஆயிருக்காதுல்ல?"

எப்படியும் இப்படித்தான் ஆகியிருக்கும்மா என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. மாடிப்படியும், குத்தகைக்குப் போன நிலமும், அந்த டாக்டர் மூடி வைத்த பேனாவும் குறுக்கே வந்து நின்றன.

"தெரியலம்மா" என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, மெதுவாகக் கொல்லைக்குப் போனாள். என்னை உயிரோடு வைத்திருக்க ஐம்பது வருஷமாக ஒரே பொய்யை ஊருக்கெல்லாம் சொன்னவள். அவளுக்காக என்னால் ஒரு பொய் சொல்ல முடியவில்லை. பின்னாலேயே எழுந்து ஓடலாமென்றால் வயிற்றில் இரண்டு ஊசி, சிரிஞ்சில் இன்னும் பாதி மருந்து. கிணற்றடியில் வாளியை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.