முகத்துவாரத்தில் வளர்ந்த சட்டை

உடம்பு கரை சேராதவர்களுக்கு எங்கள் குப்பத்தில் சட்டையை வைத்துத்தான் காரியம் செய்வார்கள். அவர் உடுத்திய சட்டை ஒன்றைப் பாடையில் கிடத்தி, மாலை போட்டு, கொளுத்திவிடுவார்கள். என் வீட்டுக்காரர் போன படகு கவிழ்ந்து ஒரு மழைக்காலம் போய்விட்டிருந்தது. கூடப் போனவர்கள் நீந்தி வந்துவிட்டார்கள். அவர் வரவில்லை. காரியத்துக்கு நாள் குறிக்கலாம் என்று ஊர்ப் பஞ்சாயத்தார் சொல்லும்போதெல்லாம் என் மாமியார் தட்டிக்கழித்தாள்.

"ஆந்திரா பக்கம் எங்கனா ஒதுங்கிக்கினு கீறான். உசுரோட கீறவனுக்கு யாருனா கொள்ளி வெப்பாங்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொட்டு வைத்தால் ஊரில் ஒரு பார்வை, வைக்காவிட்டால் ஒரு பார்வை. முட்டுக்காட்டில் ஒரு ஓட்டலில் பில் போடுகிறேன். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று அங்கே யாராவது கேட்டால், பேப்பர் தீர்ந்துவிட்டதுபோல் பில் மெஷினைத் திறந்து பார்ப்பேன். செத்துவிட்டார் என்று ஊரறியச் சொல்லி முடித்துவிட்டால் போதும் என்றிருந்தது.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். சென்னையில் ஓவியம் படித்தவள். மீன் பிடிப்பவர்களின் சட்டைகளை முகத்துவாரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, படகின் அடியில் ஒட்டுகிற சிப்பிகளை அதில் வளரவிட்டு, உயிருள்ள உடை என்று மாமல்லபுரத்தில் காட்டப் போகிறாளாம். குப்பமே சிரித்தது. அந்தச் சிப்பியைச் சுரண்டியே எங்கள் ஆண்களுக்கு இடுப்பு ஒடிகிறது, இவள் ஆசைப்பட்டு வளர்க்கிறாள். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், மாமியார் பெட்டியைத் திறந்து அவருடைய நீல பாலியஸ்டர் சட்டையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். மற்றவற்றை ஏற்கெனவே யார் யாருக்கோ கொடுத்திருந்தாள். ஏன் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

"சட்ட இல்லாம இன்னாத்த கொளுத்துவானுங்கோ?" என்றாள்.

பல நாள் நான் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கண்டுகொள்ளவும் இல்லை. தினமும் முகத்துவாரத்துக்குப் போய்ச் சட்டையைப் பார்த்துவிட்டு வருவாள். பாசி பிடித்தது, சிப்பி ஏறியது, பாக்கெட்டில் ஒரு குட்டி நண்டு குடிவந்தது என்று, பிள்ளை தவழ்ந்ததைச் சொல்வதுபோல் சொல்வாள். நான் காதில் வாங்காதவள் மாதிரி பாத்திரம் துலக்குவேன்.

கண்காட்சி ஒரு கடலோர விடுதியின் புல்வெளியில் நடந்தது. மாமியாரோடு நானும் போயிருந்தேன். சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்க பொத்தேரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவனை அந்தப் பெண் அழைத்திருந்தாள். ஒரு கையை நுழைத்ததுமே சிப்பி முழங்கையைக் கிழிக்க, முடியாது என்று சொல்லிவிட்டான். அவள் வேறு ஆள் தேடினாள். கண்டவனும் அதற்குள் நுழைவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன்.

ஈரச் சாக்குபோல் கனத்தது. கழன்றுவிடாமலிருக்க முன்பக்கத்தை நைலான் நூலால் தைத்துவிட்டாள். தண்ணீரைவிட்டு வந்த சிப்பிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்கிற சத்தம் என் காதுக்குக் கீழே விடாமல் கேட்டது. ரவிக்கையையும் தாண்டிக் கீறியது. செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் ரொம்ப அழகு என்றார். அவரை அறைய வேண்டும்போல் இருந்தது.

மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இத்தனை மாதம் வெறுமனே தொங்கிய சட்டைக்குள் இப்போதுதான் ஓர் ஆளைப் பார்க்கிறாள். என் நெஞ்சின் மேல் கை வைத்துத் தடவினாள். அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"இதுங்கோ ஒட்றதுக்குத் துணிதான் வோணுமா, எது கெடச்சாலும் ஒட்டுமா?"

"எதுல வேணா ஒட்டும்மா. கல்லு, கட்டை, தண்ணிக்குள்ள எது கிடந்தாலும்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். கெட்டவள் இல்லை. அவள் முகம் வெளுத்துப்போனது.

"அப்போ அவம் மேலயும் இப்டித்தான் கீது" என்றாள் மாமியார்.

அவள் அழவில்லை. சிப்பி கிழித்த விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "கயட்டுமே. வூட்டுக்கு எடுத்துக்கினு போய்க் காய வெப்போம். பஞ்சாயத்துல நாள் குறிக்கச் சொல்லு."

எத்தனை நாள் சண்டை போட்டுக் கேட்ட வார்த்தை அது. அவன் இருக்கிறான், இருக்கிறான் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்த தைரியத்தில்தான் செத்துவிட்டார் என்று நான் வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி வீட்டில் அப்படிச் சொல்ல ஆளில்லை. அன்று பயந்ததுபோல் படகு வராத நாளில்கூட நான் பயந்ததில்லை.

நூலை வெட்ட அந்தப் பெண் கத்தரிக்கோல் கொண்டுவந்தாள். நான் சட்டையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம் அத்த. இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்" என்றேன்.

மாமியார் கத்தரிக்கோலை அவளே கையில் வாங்கிக்கொண்டாள்.