தலை தட்டி ஒரு ஸ்பூன்

என் மனைவியின் இதயம் பலவீனமாகிவிட்டது. ஒரு நாளைக்கு இரண்டு கிராம் உப்புக்கு மேல் போனால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், அது உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். எங்கள் ஒதியம்பட்டு வீட்டில் அதுவரை கிராம் என்ற பேச்சு தங்கத்துக்கு மட்டும்தான். அரிசிக்கு ஆழாக்கு, புளிக்கு எலுமிச்சை அளவு, உப்புக்கு அவள் கை. அவள் கட்டிலோடு ஆகிவிட்டதால் சமையல் எனக்கு வந்தது.

மதகடிப்பட்டில் ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்கி வந்தேன்.

"இன்னாங்க, நகைக்கடை தொறக்கப் போறீங்களா?" என்றாள்.

சமையலறையில் இருந்த எல்லாவற்றையும் நிறுத்தேன். ஒரே டம்ளரில் அரிசி ஓர் எடை, கோதுமை மாவு வேறு எடை. அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, இது ஏன் இப்படி என்று கட்டிலோரம் நின்று அரை மணி நேரம் விளக்கினேன். எழுந்து போக முடியாத ஒருத்தி கிடைத்தால் யாரும் அறிஞர்தான். கல் உப்பை, டானிக் பாட்டிலோடு வந்த பிளாஸ்டிக் ஸ்பூனில் தலை தட்டி எடுத்தால் சரியாக இரண்டு கிராம். அவளுடைய ஒரு நாள் சாப்பாட்டுக்கு மொத்தமும் அதுதான். கண்டுபிடித்த கையோடு தராசைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

அவள் தினமும் பாதிச் சோற்றை ஒதுக்கினாள். "இது சாப்பாடா, தண்டனையா?"

ஒரு வெள்ளிக்கிழமை மடுகரையிலிருந்து அவளுடைய அக்கா வந்தார். அடுப்படிக்குள் போனவர் அங்கிருந்தே கத்தினார்.

"இன்னா தம்பி, வெள்ளிக்கெழமையும் அதுவுமா உப்பு ஜாடி வாயப் பொளந்துக்கினு கெடக்குது! நோயாளி இருக்கற வூடு, வெளங்குமா?"

உப்பு ஜாடியின் அடி தெரிந்தால் வீட்டுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தெருமுனைக் கடையில் கல் உப்பு இல்லை. அக்கா தூள் உப்பு பாக்கெட் ஒன்றை வாங்கி வந்து, மிச்சமிருந்த கல் உப்பின் மேலேயே கொட்டி, ஜாடியை நன்றாகக் குலுக்கி வைத்தார். அட்டவணை போட்ட அறிஞன் பக்கத்தில் நின்று, "ரொம்ப நன்றிக்கா" என்றேன்.

மறுநாளிலிருந்து அவள் தட்டைக் காலி செய்தாள். "ரசம் நல்லா வந்திருக்குங்க." எனக்குக் கைப்பக்குவம் வந்துவிட்டதென்று முடிவு செய்தேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு ரசம் வைக்கும் முறையைக்கூடச் சொல்லிக் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் கால் வீங்கியது. பிறகு மூச்சு வாங்கியது. டவுனுக்குக் கொண்டுபோனோம். உப்பு எவ்வளவு போடுகிறீர்கள் என்றார் டாக்டர்.

"ரெண்டே கிராம் சார்" என்றேன், பரிசு வாங்கப் போகிறவனைப் போல.

"இப்பவும் நிறுத்துத்தான் போடுறீங்களா?"

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவன் தராசை இறக்கினேன். அதே ஸ்பூன், அதே தலை தட்டல். மூன்றரை கிராம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த சந்துகளைத் தூள் அடைத்திருந்தது. மறுபடியும் நிறுத்தேன். மூன்றரைதான்.

வார்டில் அவளிடம் சொன்னேன். ஆக்சிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

"அதானா? நீங்க சமைக்கக் கத்துக்கினீங்கன்னு நெனச்சேன்."

மூச்சு நிதானப்படக் காத்திருந்துவிட்டு மறுபடி பேசினாள். "அக்காகிட்ட சொல்லாதீங்க. அது தாங்காது."

ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

காரியம் முடிந்து கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வருத்தப்படாதீங்க தம்பி. கடைசிக் காலத்துல அவளுக்கு வாய்க்கு ருசியா ஆக்கிப் போட்டீங்களாம். போன்ல சொல்லிச் சொல்லி மாஞ்சா."

"ஆமாக்கா" என்றேன்.