தன் குண்டைப் பார்த்த பியூலா

பியூலாவின் எடை நாற்பத்தாறு கிலோ. கோலார் தங்கச் சுரங்கப் பகுதியில், ஆண்டர்சன்பேட்டையில் வீடு. ஆயுதப்படையில் பதினேழு வருடமாக என்னோடு கான்ஸ்டபிளாக இருக்கிறார். திருவிழா பந்தோபஸ்து, கைதிகளைக் கோலார் கோர்ட்டுக்குக் கூட்டிப் போவது, தேர்தல் காவல் எதிலும் அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. வருடத்துக்கு ஒருமுறை வரும் ஃபயரிங் நாள் மட்டும் அவருக்கு ஆகாது.

எங்கள் எஸ்.எல்.ஆர். துப்பாக்கி குண்டு போட்டால் ஐந்து கிலோவுக்குக் கிட்டே வரும். சுட்டதும் அதன் கட்டை தோளில் உதைக்கும். வாட்டசாட்டமான ஆட்களே முதல் நாள் தோளைத் தேய்த்துக்கொண்டு போவார்கள். பியூலாவுக்கு ஐந்து குண்டில் இரண்டு இலக்குப் பலகையில் பட்டால் அதிகம். ஒரு வாரம் தோள் கன்றிக் கிடக்கும்.

மூன்று வருடத்துக்கு முன் துப்பாக்கி சுடும் ரேஞ்சைப் பார்த்துக்கொண்ட ஹெட் கான்ஸ்டபிள் நாகேஷ், பியூலாவுக்குத் தெரியாமல் ஒரு டம்மி குண்டைக் கலந்து வைத்தார். பியூலா படுத்தபடி விசையை இழுத்தார். வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கியின் முனை ஒரு சாண் கீழே போனது. தோள் துள்ளியது, கண்கள் இறுக மூடிக்கொண்டன. பக்கத்தில் படுத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நாகேஷ் சிரிக்கவில்லை.

“அது உதைக்கிறதுக்கு முன்னாடியே நீங்க அடி வாங்கிக்கினு கீறீங்க மேடம்” என்றார்.

பியூலா எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். வண்டியில் திரும்பும்போது என்னிடம் சொன்னார். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைன் வீட்டில் அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் வீடே ஆடுமாம், பாத்திரம் உருளுமாம். அம்மா இழுத்து அணைத்துக்கொள்வாராம்.

“பயம்னு இல்ல மேக்ஸ்வெல். சத்தம் வரப்போவுதுன்னா கண்ணு என்னக் கேக்காமயே மூடிக்குது.”

அடுத்த நாளும் மற்றவர்களுக்கு ஃபயரிங் இருந்தது. அவர் முறை முடிந்திருந்தாலும் வந்தார். எல்லோரும் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சுடுகிறவர்களின் பின்னால் உட்கார்ந்து அவர்களுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பங்கி என்று இன்னொரு பெண் கான்ஸ்டபிள், பியூலாவைவிடக் குள்ளம். ஆனால் அவர் குண்டுகள் தவறுவதில்லை. மற்றவர்கள் துப்பாக்கிக்குக் கோணலாகப் படுத்திருந்தார்கள். உதை தோளை மட்டும் திருகிவிட்டுப் போனது. சம்பங்கி துப்பாக்கிக்கு நேர் பின்னால், ஒரே கழிபோல் படுத்திருந்தார். கட்டை தோள்குழியில் ஒட்டியிருந்தது, கன்னம் கட்டையில் பதிந்திருந்தது. உதை முதுகு வழியே குதிகால்வரை போக, முழு உடம்பும் விரற்கடை அளவு பின்னே நகர்ந்தது. துப்பாக்கியின் முனை துள்ளி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

பியூலா வீட்டில் பாய் விரித்துச் சம்பங்கியைப் போலவே படுத்துப் பழகினார். அவர் கணவர் கிளாரன்ஸ் பெங்களூரில் வேலை, காலை ரயிலுக்குப் போகிறவர். கிளம்புவதற்கு முன் தினமும் கால் மணி நேரம், தரை துடைக்கும் மாப்புக் கம்பை மனைவியின் தோளில் வைத்து இடிக்க வேண்டும். எப்போது இடிப்பேன் என்று சொல்லக் கூடாது. முதல் வாரம் அவர் மெல்ல இடித்தாராம். பியூலா கோபித்துக்கொண்ட பிறகுதான் ஓங்கி இடித்தார்.

ஆயுதப்படை வளாகத்தில் குண்டில்லாத துப்பாக்கியின் குழல்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து, காசு விழாமல் விசையை அழுத்திப் பழகினார். ஒரு மாதம் காசு விழுந்துகொண்டே இருந்தது. பிறகு எப்போதாவது நின்றது. அடுத்த வருட ஃபயரிங்கில் மூன்று குண்டு பட்டது. அதற்கடுத்த வருடமும் மூன்றுதான். அவர் பாயைச் சுருட்டவில்லை.

போன ஜனவரியில் எனக்குப் பள்ளத்தில் வேலை. பலகைகளுக்குக் கீழே ஆள் உயரப் பள்ளம் இருக்கும். அதில் நின்று ஓட்டைகளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சுடுகிறவர்கள் இருநூறு மீட்டர் தள்ளி. யார் எந்தப் பலகை என்று எங்களுக்குத் தெரியாது. தலைக்கு மேல் சாட்டை சொடுக்கியதுபோல் ஒரு சத்தம் கேட்கும். காகிதத்தில் ஓட்டை விழுந்திருக்கும். அதற்குப் பிறகுதான் துப்பாக்கி வெடித்த ஓசை நம்மிடம் வந்து சேரும். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

நாலாம் நம்பர் பலகையில் முதல் ஓட்டை நடுவுக்குப் பக்கத்தில் விழுந்தது. இரண்டாவது அதை ஒட்டி. மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதும் விழுந்த பிறகு பலகையை இறக்கி, என் கையை விரித்து வைத்துப் பார்த்தேன். ஐந்தும் என் கைக்குள் அடங்கின. வாக்கி டாக்கியில் நாகேஷைக் கூப்பிட்டு, நாலாம் நம்பரில் யார் என்று கேட்டேன்.

“பியூலா மேடம்” என்றார்.

ஃபயரிங் நின்றதும் மேலே ஏறிச் சுடுகிற இடத்துக்கு ஓடினேன். பியூலா துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார். மார்க்கைச் சொன்னேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

“பலகைக்குப் பின்னாடி மண்ணு எழும்புச்சு மேக்ஸ்வெல். அஞ்சு தபாவும் பாத்தேன்” என்றார். “பதினேழு வருஷமா சுடறேன். என் குண்டு போய் விழறத இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

மாவட்ட அணியில் அவரையும் சம்பங்கியையும் சேர்த்தார்கள். மாநிலப் போட்டியில் பியூலா நான்காவதாக வந்தார், மெடல் இல்லை. ஊர் திரும்பியதும் தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். காலரை நகர்த்திக் காட்டினார். நாற்பது குண்டு சுட்ட தோளில் லேசான சிவப்பைத் தவிர ஒன்றும் இல்லை.