தவிலை அடித்தானா இல்லையா

கரி பூசிய சின்னக் கண்ணாடித் துண்டு அது. அதில் ஊசியால் கீறி எழுதி மெஷினில் செருகினால், ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் மேலேயே வெள்ளை எழுத்துகள் நடுங்கிக்கொண்டு தெரியும். இன்ன தெரு, இன்னார், உடனே வெளியே வரவும். செல்போன் வராத காலத்தில் ஆரணித் தியேட்டர்களில் இதற்கு ஸ்லைடு போடுவது என்று பெயர். யாருக்காவது பிரசவ வலி, யாராவது கிணற்றில் விழுந்துவிட்டார்கள், ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்திருக்கிறது என்றால் போடுவார்கள். எங்கள் வீட்டில் காப்பி போடுவதற்காகப் போட்டார்கள். நாற்பது வருடம் ஆகிவிட்டது, எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அண்ணி சந்தவாசலிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். வந்த மறுவாரமே ராட்டையின் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். அண்ணன் தறியில் நெய்ய, அவனுக்கு வேண்டிய பட்டு நூலை அண்ணி குச்சி குச்சியாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும். அதற்கு நடுவில் சமையல், தண்ணீர், துணி எல்லாம். அமாவாசைக்கு அமாவாசை தறிக்கு லீவு. தறிக்குத்தான் லீவு, அண்ணிக்கு இல்லை. அன்றைக்கு மதியக் காட்சிக்கு நெசவுத் தெரு மொத்தமும் தியேட்டரில் இருக்கும். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த நான் அண்ணியையும் கூட்டிக்கொண்டு போவேன். முதல் முறை போனபோதே ஸ்லைடு வந்தது. இரண்டாவது முறையும் வந்தது. இரண்டு முறையும் அண்ணி இடைவேளைக்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் எழுந்து போனார். அந்த இரண்டு படங்களின் முடிவும் அவருக்குத் தெரியாது.

மூன்றாவது படம் ஒரு திருட்டுப் படம். சிரிக்கச் சிரிக்கத் திருடுவார்களே, அந்த மாதிரி. நான்கு பேர் நாதஸ்வரக் கோஷ்டி என்று சொல்லிக்கொண்டு ஒரு ஜமீன்தார் வீட்டுக் கல்யாணத்துக்குள் நுழைகிறார்கள். நான்கு பேருக்கும் வாசிக்கத் தெரியாது. ஒருவன் நாதஸ்வரத்தில் சீவாளியைத் தலைகீழாக வைத்து ஊதுகிற இடத்தில் எங்கள் பெண்கள் பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அண்ணி அப்படிச் சிரித்து நான் வீட்டில் பார்த்ததே இல்லை. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, என் தோளில் சாய்ந்து சிரித்தார். கடைசியில் நகை கிடைத்துவிடுகிறது. அதைத் தவிலுக்குள் ஒளித்து வைக்கிறார்கள். வாசல் வரை வந்துவிட்டார்கள். அப்போது ஜமீன்தார் கூப்பிட்டு, போவதற்கு முன்னால் தவிலைத் தனியாக ஒரு முறை வாசித்துக் காட்டு என்கிறார். அடித்தால் உள்ளே நகை குலுங்கும். தவில்காரன் கையைத் தூக்குகிறான்.

தூக்கிய அந்தக் கையின் மேல் ஸ்லைடு வந்தது. எங்கள் தெருப் பெயர் இருந்தது, என் அப்பாவின் பெயர் இருந்தது, அதற்குக் கீழே வீட்டு மருமகள் என்று இருந்தது. அண்ணியின் பெயர் இல்லை.

அண்ணி எழுந்திருக்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். படிக்காதவர் மாதிரி, கண்ணை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்லைடு போய் மறுபடியும் வந்தது. இப்போது முன் பெஞ்சிலிருந்து இரண்டு பேர் திரும்பினார்கள். பின்னால் யாரோ எங்கள் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கிசுகிசுத்தார்கள். எனக்கு மானம் போய்விட்டது போலிருந்தது. அண்ணியின் கையைப் பிடித்துக் கிள்ளினேன்.

"எழுந்துருங்க அண்ணி. எல்லாரும் நம்பளயே பாத்துகினு இருக்காங்க."

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து போனார். நான் உட்கார்ந்து மிச்சப் படத்தையும் பார்த்தேன். சிரித்தேன்கூட.

வீட்டுக்குப் போனால் தேவிகாபுரத்திலிருந்து மாமா வந்திருந்தார். காப்பி குடித்த டம்ளர்கள் முற்றத்தில் கிடந்தன. என் அம்மா முப்பது வருடம் காப்பி போட்டவள். மருமகள் வந்த அன்றோடு அவளுக்கு அடுப்பு எங்கே இருக்கிறது என்பது மறந்துபோனதா? அண்ணன் சைக்கிளை மிதித்துக்கொண்டு தியேட்டர் வரை போய், மேனேஜரிடம் சொல்லி, ஸ்லைடு எழுத வைத்து, வாசலில் காத்து நின்று பெண்டாட்டியை அழைத்து வந்திருக்கிறான். அத்தனை நேரத்தில் ஒரு அண்டா பாலைக் காய்ச்சியிருக்கலாம். இதை அன்றைக்கு நான் வாய் திறந்து கேட்கவில்லை. அதைவிட மோசம், மறுநாள் ராட்டை சுற்றிக்கொண்டே, யாருக்கும் கேட்காமல் அண்ணி கேட்டார்: "தவுல அடிச்சானா, இல்லயா?" எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஒண்ணுமில்ல அண்ணி, சும்மாதான் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அண்ணி அதன் பிறகு கேட்கவும் இல்லை, தியேட்டருக்கு வரவும் இல்லை.

போன மாதம் வேலூரில் என் வீட்டில் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது அந்தப் படம் கண்ணில் பட்டது. யாரோ புண்ணியவான் முழுசாக ஏற்றியிருந்தார். கீழே ஒருவர் எழுதியிருந்தார்: ஜாலியான படம், பொழுது போகும், ஆனால் கடைசிக் கால் மணி நேரம் வேஸ்ட். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேஸ்ட்டா? அந்தக் கால் மணி நேரம் கிடைக்காமல் ஒருத்தி எழுந்து போனாளே, உனக்கு வேஸ்ட்டா? அந்த ஆள்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்றும் தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்ணமங்கலம் வழியாக ஆரணிக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அண்ணிக்கு இப்போது அறுபத்திரண்டு. அவருடைய போனிலேயே படத்தைப் போட்டு, பின்கட்டு அறையில் இருவரும் உட்கார்ந்தோம். எந்தப் படம் என்று நான் சொல்லவில்லை. சீவாளி தலைகீழாகப் போனதுமே கண்டுபிடித்துவிட்டார். அதே மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நகை தவிலுக்குள் போனது. ஜமீன்தார் கூப்பிட்டார். தவில்காரன் கையைத் தூக்கினான்.

படத்தின் மேலேயே எழுத்து வந்தது: தாத்தா. பேரன் பதிந்து வைத்த பெயர். முன்கூடத்தில் உட்கார்ந்திருந்த என் அண்ணன் பத்தடி தூரத்திலிருந்து போன் செய்கிறான். அண்ணி பெயரைப் படித்து முடிக்கும் முன்பே தரையில் கையை ஊன்றி எழுந்துகொண்டிருந்தார். நான் போனை எடுத்தேன். டி.வி. ரிமோட் எங்கே என்று கேட்டான்.

"அண்ணி படம் பாத்துகினு இருக்காங்க. முடிஞ்சாதான் வருவாங்க. நீயே தேடுண்ணா."

அண்ணி பாதி எழுந்த நிலையில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். உக்காருங்க அண்ணி என்றேன். உட்கார்ந்தார்.

தவில்காரன் தவிலை அடிக்கவில்லை. கை இறங்குவதற்குள் கரண்ட் போய்விடுகிறது. வெளிச்சம் வரும்போது நான்கு பேரும் இல்லை. பிறகு கால் மணி நேரம் வெறும் ஓட்டமும் துரத்தலும்தான்.

"இவ்ளோதானா?" என்றார் அண்ணி. "கரண்ட் போறதுக்கா? அவன் அடிச்சிருக்கணும்மா. உள்ள நக குலுங்கினா ஜால்ரா சத்தம்னு நெனச்சிகினு அந்த ஜமீன்தாரே தலய ஆட்டியிருப்பான். நான் இத்தினி வருசமா அப்டித்தான் நெனச்சிகினு இருந்தேன்."

படம் எப்படி என்று கேட்டேன். பரவால்ல, பொழுது போச்சு, கடைசிதான் வேஸ்ட் என்றார். முகம் தெரியாத அந்த ஆள் எழுதியதைத்தான் அண்ணியும் சொன்னார். அவன் அதைச் சொல்ல ஒரு மதியம் போதுமானதாக இருந்திருக்கும்.

முன்கூடத்திலிருந்து அண்ணன் கூப்பிடுவது கேட்டது. போனில் கருப்புத் திரையின் நடுவே, லேசாக நடுங்கிக்கொண்டு, வெள்ளை எழுத்தில் வணக்கம் என்று வந்தது. அது மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் அண்ணி எழுந்தார்.