ஊருக்கே ஒரு டிவிடி பிளேயர்

கல்யாண வீடியோ எடுக்கிறவனுக்குத் தாலி கட்டியதோடு வேலை முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாதஸ்வரக்காரர் கிளம்பிவிடுவார். சமையல்காரர் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார். பந்தல்காரர் மறுநாள் வேறு ஊரில் மூங்கில் நட்டுக்கொண்டிருப்பார். நாம் மட்டும் அந்தத் தம்பதி இருக்கிறவரைக்கும் பதில் சொல்லியாக வேண்டும். சேந்தமங்கலத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். கேமரா தூக்கும் சகோதரர்கள் தங்களுக்கு நேர்ந்ததோடு ஒப்பிட்டு ஆறுதல் அடையலாம்.

இதில் ஓடினால் எதிலும் ஓடும்

எங்கள் வீட்டு டிவிடி பிளேயரைச் சேலத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சந்துக்கடையில் வாங்கினேன். இருப்பதிலேயே மலிவானதாகக் கேட்டு வாங்கியதில் காரணம் இருந்தது. நம் வாடிக்கையாளர்கள் வீட்டில் இருப்பதெல்லாம் அந்த ரகம்தான். எடிட் செய்து முடித்த டிவிடியை இதில் போட்டுப் பார்ப்பேன். இந்தச் சனியனில் ஓடினால் எந்த வீட்டிலும் ஓடும் என்று தைரியமாகக் கொடுத்துவிடலாம். பெட்டியில் எழுதியிருந்த கம்பெனிப் பெயரை அதற்கு முன்னும் நான் கேள்விப்பட்டதில்லை, பின்னும் கேள்விப்படவில்லை. கியாரண்டி உண்டா என்று கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்தார், அவ்வளவுதான்.

அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ரிமோட் எப்போதோ போய்விட்டது. டிரே திறக்காவிட்டால் என் மனைவி சுமதி தலையிலிருந்து கொண்டை ஊசியை எடுத்து முன்பக்க ஓட்டையில் விட்டு நெம்புவாள். அரை மணி ஓடினால் மேல்மூடி நன்றாகச் சூடாகிவிடும். குளிர் நாளில் இட்லி மாவுப் பாத்திரத்தை அதன்மேல் வைத்தால் சீக்கிரம் பொங்கும் என்பது அவள் கண்டுபிடிப்பு. போன தீபாவளிக்கு இதைக் கழித்துக்கட்டிவிடலாம் என்றேன். சுமதி கேட்டாள்: "இதக் குடுத்துப்போட்டா, மாவ எதும்மேலீங்க வெக்கறது?"

முடி இருந்த காலம்

இப்போது யார் வீட்டிலும் பிளேயர் இல்லை. ஆனால் டிவிடி இருக்கிறது, பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில். எப்போதாவது பார்க்கத் தோன்றினால் நேராக எடுத்தவன் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்றால் அதெல்லாம் வேண்டாம், உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறோம் என்கிறார்கள். சுமதி காபி போட வேண்டியிருக்கிறது.

எடப்பாடியில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர், மனைவியையும் கல்லூரியில் படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்தார். மாப்பிள்ளை அழைப்பு ஓட ஆரம்பித்ததும் எழுந்து போய் டிவி பக்கத்திலேயே நின்றுகொண்டார். ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். கண்ணாடி போல வழுக்கையாகிவிட்ட தன் தலையை ஒரு கையால் தடவிக்கொண்டு, இன்னொரு கையால் திரையைத் தொட்டு மகளிடம் சொன்னார்: "பாத்தியா? நாஞ் சொன்னா நம்புனியா நீயி? இதென்ன, தலையா காடா?"

"தாய்மாமன் யாருங்க?"

ஆர்டர் எடுக்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி இது. பெண்ணுக்கு மாலை போட்டு மணவறைக்கு அழைத்து வருகிற தாய்மாமனை விட்டுவிட்டு, பாயசம் ஊற்றுவதை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் என்ன கதிக்கு ஆளானார்கள் என்பது நமக்குத் தெரியும். அதனால் முத்துக்காப்பட்டி சரஸ்வதி, தன் மகள் கௌசல்யா கல்யாணத்துக்கு வீடியோ சொல்ல வந்தபோதும் கேட்டேன். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் முகம் இறுகிவிட்டது. "எம் பொறந்தவன் வரமாட்டானுங்க. அவன நான் கூப்படறதா இல்ல. எல்லாம் உங்களாலதானுங்கண்ணா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் தம்பி குமரேசன் கல்யாணத்தை நான்தான் எடுத்தேன், கௌசல்யா கைக்குழந்தையாக இருந்தபோது. எங்கள் பக்கம் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் கூறைச்சேலை வைத்த கூடையோடு அவனுக்கு இணையாக நிற்கிற சீர். அண்ணன் தம்பி கல்யாணத்தில் அவளுக்கென்று இருக்கிற மரியாதை அது. டிவிடி வந்ததும் சரஸ்வதி அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டிருக்கிறார். மாப்பிள்ளை அழைப்பு வந்தது. படம் கொஞ்சம் திணறியது. அடுத்தபடி முகூர்த்தம் வந்துவிட்டது. இணைச்சீரைக் காணோம்.

புதுச் சம்பந்தி வீட்டார் அதை வெட்டச் சொல்லிவிட்டார்கள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். தம்பியைக் கேட்டால் அவன், "எங்க ஊட்டு டிவிடில இருக்குதே" என்றிருக்கிறான். இல்லாததை இருக்குது என்று முகத்துக்கு நேராகப் பொய் சொல்கிறானே என்று இவருக்குக் கோபம். பார்த்ததைச் சொன்னால் பொய்யன் என்கிறாளே என்று அவனுக்கு ரோஷம். பேச்சு நின்றுபோனது. இணைச்சீரை வெட்டினால் நான் இந்த ஊரில் ஸ்டூடியோ நடத்த முடியுமா என்று தலையில் அடிக்காத குறையாகச் சொன்னேன். மூலக் கேசட்டும் என்னிடம் இல்லை, எப்போதோ பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. சரஸ்வதி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "நீங்க வெட்டுலீன்னா, நான் நின்னது எங்கீங்கண்ணா போச்சு?"

சோளக்காட்டில் கல்யாணம்

என் தொழில் மரியாதையும் இதில் மாட்டிக்கொண்டதால், மறுநாளே குமரேசன் வீட்டுக்குப் போனேன். லாரி வைத்திருக்கிறான், கொஞ்சம் காடும் இருக்கிறது. உன் டிவிடியைக் கொடப்பா, அக்காவுக்குப் போட்டுக் காட்டிவிட்டால் தீர்ந்தது என்றேன். அவனுக்கும் ஆசைதான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பீரோவைத் திறந்து தேடினான், காணோம். அவன் மனைவி ரேவதி வீட்டுக்குப் பின்னால் கையைக் காட்டினாள்.

சோளக்காட்டில் வரிசையாகக் கம்பு நட்டு, கம்புக்குக் கம்பு கயிறு கட்டி, பழைய சிடிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். வெயிலில் பளிச் பளிச்சென்று சுழன்றால் மயில் கிட்டே வராதாம். நடுக் கம்பில் குமரேசன் கல்யாணம் தொங்கியது. மேலே அச்சடித்திருந்த படத்தில் மாப்பிள்ளை வெளுத்துப்போய்விட்டார், பெண் கழுத்து மாலை மட்டும் கொஞ்சம் தெரிந்தது. கயிறு கட்ட ஓரத்தில் சூடு போட்டு ஓட்டை வேறு. குமரேசன் மனைவியை முறைத்தான். ரேவதி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்குக் கல்யாணம் ஆனது எனக்குத் தெரியுமுங்க. மயிலுக்குத்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்குது."

திரும்பும்போது அவள் வண்டிவரை வந்து இன்னொன்றும் சொன்னாள். கௌசல்யாவுக்கென்று குமரேசன், சேலைக்குப் பேர்போன இளம்பிள்ளை ஊருக்கே போய்ப் பட்டுச்சேலை எடுத்து வந்து பீரோவில் வைத்திருக்கிறானாம். தினமும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறானாம். "கூப்புடாத கல்யாணத்துக்கு எப்படீங்க போறது? இவரு போகவும் மாட்டாரு, சேலைய வேற யாருக்கும் தரவும் மாட்டாரு."

பின்பக்கம்

மீதி இருப்பது சரஸ்வதியிடம் உள்ள டிவிடி ஒன்றுதான். அவர் வீட்டுப் பிளேயர் கெட்டுப்போய் வெகுகாலம் ஆகிவிட்டதால், அதை மறுபடி யாரும் போட்டுப் பார்க்கவே இல்லை. எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்றேன். மஞ்சள் துணியில் சுற்றி, கைப்பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். சாமி அலமாரியில்தான் வைத்திருந்தாராம். கோபம் கோபம் என்கிறீர்கள், சாமி பக்கத்தில் வைத்திருக்கிறீர்களே என்றாள் சுமதி. "சீர் இல்லாட்டிப் போச்சாதுங்க, எம் பொறந்தவன் கல்யாணமாச்சே" என்றார்.

சுமதி மாவுப் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். டிவிடியைப் போட்டோம். மாப்பிள்ளை அழைப்பு வந்தது. படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. பிளேயர் உள்ளுக்குள் கரகரத்தது. அடுத்த நொடி ஐயர் ஓமம் வளர்த்துக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா?" என்று சரஸ்வதி எழுந்துவிட்டார். எனக்கே ஒரு கணம் நாம்தான் வெட்டிவிட்டோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

கொண்டை ஊசி போட்டு டிரேயைத் திறந்தோம். டிவிடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பளபளப்பான பக்கத்தில், நடு ஓட்டைக்கும் ஓரத்துக்கும் இடையில், காய்ந்து கெட்டியாகிப்போன சந்தனமும் அதன்மேல் குங்குமமும். இது என்ன அம்மணி என்றேன். "புதுசா வந்துச்சுன்னா பொட்டு வெக்காம இருப்பாங்களா?" என்றார். வண்டிக்கு வைக்கிறோம், தறிக்கு வைக்கிறோம், டிவிடிக்கு வைத்தால் என்ன என்பது நியாயம்தான். அதை ஏன் இந்தப் பக்கம் வைத்தீர்கள் என்று கேட்டேன். என்னை விவரம் கெட்ட மனுசனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "மேல மாப்பிள்ள பொண்ணு படம் இருக்குதுங்க. மூஞ்சி மேலயா வெக்கறது? பொறத்தால ஒண்ணுமில்லாம வெறுசா கெடந்துச்சு, அங்க வெச்சேன்."

அழிக்கலாமா கூடாதா

படம் இருப்பது அந்த வெறும் பக்கத்தில்தான், பொட்டு மறைத்த இடத்தைத்தான் பிளேயர் தாண்டிக் குதிக்கிறது என்று விளக்கினேன். நான் பருத்தித் துணியை நனைத்து எடுத்து வந்தேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்கண்ணா, கல்யாணம் வெச்ச ஊட்ல பொட்ட அழிக்கறதுங்களா?"

சகோதரர்களே, இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? அழிக்காவிட்டால் இணைச்சீர் இல்லை, தம்பி இல்லை, பெண்ணுக்குத் தாய்மாமன் இல்லை. அழித்த பிறகு நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால், அதற்கும் போட்டோக்காரன்தான் காரணம். ஈரத்துணியை வைத்துக்கொண்டு நின்றேன். சுமதி உள்ளே போய்க் குங்குமச் சிமிழையும் சந்தனக் கிண்ணத்தையும் எடுத்து வந்தாள். "மொதல்ல மிசினுக்கு வெய்யுங்க அம்மணி. ஓட்டறது அதுதானே? அதுக்கு வெச்சுப்போட்டா, இது அழிச்சதாகாது. எடம் மாத்துனதுதான்."

சரஸ்வதி யோசித்தார். பிறகு எங்கள் பிளேயரின் மேல்மூடியில் சந்தனம் இட்டு, குங்குமம் வைத்து, தொட்டுக் கும்பிட்டார். துணியை என்னிடமிருந்து வாங்கி அவரே துடைத்தார். வட்டமாகத் தேய்க்காதீர்கள், நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுங்கள் என்று மட்டும் சொன்னேன். கறை போனது. போட்டோம்.

மாப்பிள்ளை அழைப்பு முடிந்தது. வந்தது. நீலப் பட்டு கட்டிய சின்ன வயது சரஸ்வதி, கையில் கூடையோடு, தம்பி பக்கத்தில் நிற்கிறார். சுற்றிலும் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். கூடை ஒரு பக்கம் சாய்கிறது. குமரேசன் யாருக்கும் தெரியாமல் ஒரு கையைக் கீழே கொடுத்துத் தாங்குகிறான். அன்றைக்கு எடுத்தபோது எனக்கே அது கண்ணில் படவில்லை. சரஸ்வதி வாய்விட்டு அழுதுவிட்டார். "சாயுதுன்னு புடிக்கறான் பாருங்க, இவனப் போயிப் பொய்யன்னேனே" என்று சொல்லிச் சொல்லி அழுதார். சுமதி அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டாள்.

சரஸ்வதி அங்கிருந்தே போன் போட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "குமரேசா, நாளைக்கு வெத்தல பாக்கு எடுத்துக்கிட்டு வாரேன். ஊட்ல இரு சாமி. சீர் இருக்குது" என்றார். ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது: "அதத்தானக்கா நான் அன்னைக்கே சொன்னேன்."

இடமே இருக்கக்கூடாது

கௌசல்யா கல்யாணத்தில் தாய்மாமன் மாலை போட்டதை மூன்று கோணத்தில் எடுத்தேன், யாரும் கேட்காமலே. பெண் இளம்பிள்ளைப் பட்டில் இருந்தாள். குமரேசன் அவளை மணவறைக்கு அழைத்து வந்து உட்கார வைத்துவிட்டு, நேராக என்னிடம் வந்தான். கண் சிவந்திருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தான். "அண்ணா, இந்தக் கல்யாணத்த பென்டிரைவ்ல குடுத்துருங்க. எங்கக்காவுக்குப் பொட்டு வெக்க எடமே இருக்கக்கூடாது" என்றான்.

அப்படியே கொடுத்தேன். சரஸ்வதி வீட்டுக்கு ஆல்பம் கொண்டுபோன அன்று பார்த்தால், அந்தப் பென்டிரைவ் சாமி அலமாரியில் மூடி கழற்றி வைக்கப்பட்டு, பளபளவென்று இருக்கிற முனையில் சந்தனமும் குங்குமமுமாக இருந்தது. ஓடவில்லை என்று அதையும் எங்கள் வீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார். எங்கள் பிளேயரிலும் பென்டிரைவ் செருக ஒரு ஓட்டை இருப்பதால், இனி அதைக் கழித்துக்கட்டுகிற பேச்சுக்கே இடமில்லை, சுமதிக்கு மாவு வைக்க இன்னும் பல வருஷத்துக்குக் கவலையில்லை.