கோரைப்பல்லும் கணக்கு வாத்தியாரும்

பல்லக்கா வாயைத் திறந்தாள், பத்தாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். சரி, பத்தாயிரம் என்பது என் கை கொஞ்சம் தாராளமாகப் போட்டது. கூரை பிய்த்துக்கொண்டு பறந்தது என்றும் எழுதியிருந்தேன். மனசாட்சி உறுத்த அதை அடித்துவிட்டேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

பல்லக்கா பல் செட் செய்கிறவள். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் தன் பட்டறையில் மெழுகு உருக்கி, பல் பதித்து, ஈறு நிறத்தில் வார்த்து, பளபளவென்று மெருகேற்றித் தருவாள். அந்தத் தொழிலில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. நல்ல பல் செட் என்றால், அது பல் செட் என்றே யாருக்கும் தெரியக்கூடாது. ஊரில் பாதி வாய்களில் அவள் கைவேலைதான் சிரிக்கிறது, ஒருவராவது "அடடா, என்ன பல்லு!" என்று சொன்னதில்லை. சொன்னால் அவள் வேலை சரியில்லை என்று அர்த்தம்.

அதனால்தானோ என்னவோ, குகை ராணிமேல் அவளுக்கு அப்படி ஒரு பைத்தியம். சின்ன வயதில் டிவியில் பார்த்த தமிழ்த் தொடர் அது. பூமிக்கடியில் வாழும் ராணி, வழி தப்பி வரும் மனிதர்களை முழுசாக விழுங்குவாள். விழுங்குமுன் கோரைப்பற்களைக் காட்டி ஒரு உறுமல். மற்றப் பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொள்ள, இவள் மட்டும் டிவிக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தத் தொடரின் ரசிகர்களுக்கு வெளிநாட்டில் மாநாடு என்று கேள்விப்பட்டதும் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ராணியாக நடித்த அம்மாளே வருகிறாள். வேஷம் கட்டி மேடையேறுகிறவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் நிறுத்திக்கொண்டு உறுமப் போகிறாள். பல்லக்கா தன் வாய்க்கே அச்செடுத்தாள். சொந்தப் பல்லின்மேல் உறைபோல மாட்டிக்கொள்ளும்படி, மேலும் கீழும் கோரைப்பல் வார்த்தாள். லேசான மஞ்சள், நுனியில் ஒரு விரிசல், ஈறோரம் காய்ந்த ரத்தக் கறை, எல்லாம் டிவியில் பார்த்தபடியே. போட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். வீட்டுக்காரர் கையிலிருந்த டம்ளர் தரையில் விழுந்தது.

"ஒரே ஒரு தடவை என் பல்ல எல்லாரும் பார்க்கணுங்க. அந்தம்மா பார்க்கணும்," என்றாள்.

"பார்க்கட்டும். பார்த்து பயந்துபோய் உன்னை அங்கயே வெச்சுக்காம இருந்தா சரி."

துணைக்குத் தன் அக்காவை அனுப்பி வைத்தார். பல்லக்கா அந்த நாத்தனாரை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். நாத்தனார் அந்தத் தொடரைப் பார்த்ததேயில்லை. அவளுக்கு வேண்டியது விமானத்தில் ஜன்னலோரம்.

வினை வேறு இடத்தில் இருந்தது. மெருகேற்றிய பல் காயக்கூடாது என்று பல்லக்கா அதை வெள்ளை டப்பாவில் தண்ணீர் விட்டு வைப்பாள். பெயர்ச்சீட்டை மூடிமேல்தான் ஒட்டுவாள். டப்பாவில் ஒட்டினால் நனைந்து உரிந்துவிடும். மூடிவிட்டால், போட்டுக்கொள்கிறவர் முன்னால்தான் மறுபடி திறப்பாள். கிளம்புகிற அன்று பட்டறையில் இரண்டே டப்பாக்கள்: ஒன்றில் கோரைப்பல், இன்னொன்றில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரின் புதுப்பல். இரண்டுக்கும் தண்ணீர் மாற்றினாள். வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது. மூடி இடம் மாறியது.

விமான நிலையத்தில் சோதனைக்காரர் டப்பாவைத் தன் பக்கம் திருப்பித் திறந்து பார்த்தார்.

"உங்க அம்மாவோடதா?" என்றார் சாதாரணமாக.

பல்லக்கா திகைத்துப் போனாள். "எனக்குதான்," என்றாள். அவர் அவள் வாயைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், மூடிக் கொடுத்துவிட்டார்.

"இந்தப் பல்ல பார்த்துட்டு அம்மாவோடதான்னு கேக்கறாரே! அவங்கம்மா எப்படிப்பட்டவங்களா இருப்பாங்க அண்ணி?" என்று விமானம் ஏறும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

மாநாட்டு அரங்கின் பின்னறை முழுக்கக் குகை ராணிகள். குட்டை ராணி, நெட்டை ராணி, தாடி வைத்த ஒரு ராணி. எல்லோரும் ஒருவர் அங்கியை ஒருவர் தொட்டுப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். பல்லக்கா கறுப்பு அங்கிக்குள் புகுந்து, கண்ணாடிமுன் நின்று, டப்பாவைத் திறந்தாள்.

கணக்கு வாத்தியார் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

சந்தேகமே இல்லை. "பழைய பல்லு மாதிரியே இருக்கட்டும்மா" என்று அவர் கேட்டதற்காகக் கீழ்வரிசையில் அவளே கோணலாக வைத்த பல் அது.

அதே நேரம் நாத்தனாரின் போன் அலறியது. திரையில் வீட்டுக்காரர்.

"ஏம்மா, மனுஷன் நிலக்கடலையும் கையுமா பல்லு போட்டுக்க வந்திருக்கார். என்ன கருமம்மா செஞ்சு வெச்சிருக்க? டப்பாவ திறந்ததும் மயங்கி விழுந்துட்டார்!"

"மயங்கல. உக்கார்ந்தேன்," என்றது பின்னாலிருந்து வாத்தியாரின் குரல்.

பல்லக்கா அங்கியின் கையால் மூக்கைத் துடைத்தாள். "போச்சு அண்ணி. இத்தனை தூரம் வந்து..."

"எதுக்கு இப்ப மூக்கைச் சிந்தற? வாயை மூடிக்கிட்டு நடந்துட்டு வா. உள்ள என்ன பல்லு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"வாயை மூடினா அது குகை ராணியா? குளிருக்குப் போர்த்திக்கிட்டு வந்த பொம்பள!"

அதற்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். டப்பாவும் கையுமாக ஏறினாள். மேடை நடுவே அந்த அம்மாள், தலை முழுக்க நரைத்து, கண்ணில் மட்டும் அதே குறும்போடு உட்கார்ந்திருந்தாள். முன்னால் போன ராணிகளெல்லாம் உறுமி முடித்திருந்தார்கள். பல்லக்கா வாயைத் திறந்தாள். அழகான, வரிசையான, ஒரு ஈயைக்கூட பயமுறுத்தாத பற்கள். அரங்கில் யாரோ இருமினார்கள்.

பல்லக்காவுக்கு என்ன தோன்றியதோ, டப்பாவிலிருந்து வாத்தியாரின் பல்லை எடுத்துத் தலைக்குமேல் தூக்கினாள். தண்ணீர் முழங்கை வழியே ஓடியது.

"நேத்து ஒருத்தரை முழுசா முழுங்கினேன்!" என்று உறுமினாள். "இது மட்டும் செரிக்கல!"

அரங்கம் வெடித்துச் சிரித்தது. அந்த அம்மாள் நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "யாரு அந்தப் பாவி?"

"கணக்கு வாத்தியாருங்க."

"நல்ல வேலை செஞ்சே! சரி, உன் கோரைப்பல் எங்க?"

"அது அவர்கிட்ட இருக்குதுங்க."

இதற்குள் நாத்தனார் மேடையேறிவிட்டாள். வீட்டுக்காரர் இன்னும் போனைத் துண்டிக்கவேயில்லை. பெரிய திரைக்குப் படம்பிடிக்கிற கேமராவின் மூக்குக்கு நேராகப் போனை நீட்டினாள். "வாத்தியாரே, சும்மா முழிக்காதீங்க. அதை எடுத்து வாயில வைங்க!"

சுவரளவு திரையில் வாத்தியார் தெரிந்தார். சொந்தப் பல் ஒன்றுகூட இல்லாத வாயில் கோரைப்பல் நிற்கவில்லை. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். குழிவிழுந்த கன்னம், சரிந்த மூக்குக்கண்ணாடி, அதற்குக் கீழே அந்த மஞ்சள் கோரைப்பல். காலமெல்லாம் பின்பெஞ்சை அடக்கிய தொண்டையால் உறுமினார் பாருங்கள்! முன்வரிசையில் ஒரு ராணி இன்னொரு ராணியின் மடியில் ஏறிவிட்டாள்.

அந்த அம்மாள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். பல்லையே பார்த்தாள்.

"அந்த விரிசலக்கூட விடலையே! அடடா, என்ன பல்லு!" என்றாள். பல்லக்காவைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டாள். இருவரும் சேர்ந்து உறுமினார்கள். பல்லக்கா பாதி உறுமலில் அழுதுவிட்டாள். அரங்கமே எழுந்து நின்றது.

இதையெல்லாம் எழுதி, பட்டறையில் எல்லோரும் இருக்கும்போது வாசித்துக் காட்டினேன். பல்லக்கா மெழுகுக் கத்தியும் கையுமாக வாயெல்லாம் பல்லாக நின்றாள். மூலையில் நிலக்கடலையை நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார் கையைத் தூக்கினார்.

"பத்தாயிரம் இல்ல. போன்ல தெரிஞ்ச வரிசையப் பெருக்கிப் பார்த்துட்டேன், அறுநூறைத் தாண்டாது. அப்புறம், அவங்க எழுந்து நின்னது இவ அழுதப்போ இல்ல. அதுக்கு முன்னாடியே, நான் உறுமினப்போ!"